லேசர் சுட்டி: திரைக்கு நண்பன், கண்ணுக்குப் பகைவன்

தமிழ்ப்பள்ளியில் படித்தபோது அறிவியல் விழாவில் மணிலா அட்டையைச் சுவரில் ஒட்டி, பிரம்பால் சுட்டிக்காட்டிப் பேசியிருப்பீர்கள். இப்போது ஜாசினிலோ அலோர் காஜாவிலோ மஸ்ஜிட் தானாவிலோ இடைநிலைப்பள்ளியில் செயல்திட்டத்தைப் படைக்கும்போது, பேனா அளவுள்ள ஒரு கருவி உங்கள் கைக்கு வருகிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் ஸ்லைடு மாறுகிறது. இன்னொன்றை அழுத்தினால் திரையில் சிவப்புப் புள்ளி தோன்றுகிறது. உண்மையில் இது ஒரே உறைக்குள் இருக்கும் இரண்டு கருவிகள்.

ஸ்லைடை மாற்றுவது எது?

கணினியில் செருகும் சிறிய யு.எஸ்.பி. துண்டைக் கவனித்திருப்பீர்கள். அது கணினியிடம் தன்னை ஒரு விசைப்பலகை என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறது. நீங்கள் பொத்தானை அழுத்தியதும் கருவி பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வானொலி அலையில் செய்தி அனுப்புகிறது. யு.எஸ்.பி. துண்டு அதைப் பெற்று, 'பேஜ் டவுன்' விசை அழுத்தப்பட்டதாகக் கணினிக்குச் சொல்கிறது. கருவி பழுதானாலும் பதற வேண்டாம். விசைப்பலகையில் அதே விசையை அழுத்தினால் போதும்.

தொலைக்காட்சி ரிமோட் அகச்சிவப்பு ஒளியில் இயங்குவதால் அதை நேராகக் காட்ட வேண்டும். வானொலி அலைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எனவே கையைக் கணினியை நோக்கி நீட்டாமல், இயல்பாக நின்றே ஸ்லைடை மாற்றலாம்.

புள்ளி ஏன் சிதறுவதில்லை?

சபைக்கூடல் முடிந்து கலையும் மாணவர்கள் ஆளுக்கொரு பக்கம் போவார்கள். சாதாரண விளக்கின் ஒளியும் அப்படித்தான். விளையாட்டு விழா அணிவகுப்பில் எல்லாரும் ஒரே தாளத்தில், ஒரே திசையில் நடப்பார்கள். அதுதான் லேசர். ஓர் ஒளித்துகள் தன்னைப் போன்ற இன்னொன்றைத் தூண்டி வெளியேற்ற முடியும் என்ற கருத்தை ஐன்ஸ்டைன் 1917இல் முன்வைத்தார். தியோடர் மைமன் 1960 மே 16இல் மாணிக்கப் படிகத்தைக் கொண்டு முதல் லேசரை இயக்கிக் காட்டினார். உங்கள் கையில் உள்ளதில் மாணிக்கத்துக்குப் பதில் ஒரு சிறு குறைக்கடத்தி இருக்கிறது. அதன் ஒளியை ஒரு வில்லை குறுகிய கற்றையாக்குகிறது.

இக்கற்றை பொதுவாக ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் விரிகிறது. 10 மீட்டர் தள்ளியுள்ள திரையிலும் புள்ளி சிறிதாகவே இருப்பதற்கு அதுவே காரணம். ஆபத்தும் அதே குறுகலில்தான் இருக்கிறது.

கண்ணுக்குள் நடப்பது

5 மில்லிவாட் என்பது, வீட்டிலுள்ள 9 வாட் எல்.இ.டி. விளக்கு எடுக்கும் மின்சக்தியில் 1,800இல் ஒரு பங்குதான். ஆனால் விளக்கின் ஒளி அறை முழுவதும் பரவுகிறது. லேசர் கற்றையோ முழுமையாகக் கண்மணிக்குள் நுழையக்கூடியது. பூதக்கண்ணாடி வெயிலைக் குவித்துக் காகிதத்தைக் கருக்குவதுபோல, கண்வில்லை அக்கற்றையை விழித்திரையில் நுண்ணிய புள்ளியாகக் குவிக்கிறது. விழித்திரைக்கு வலி தெரியாது. அங்கே காயம் பட்டாலும் உடனே உணரமாட்டோம்.

கூசும் ஒளி பட்டால் சுமார் 0.25 வினாடியில் நாம் கண்ணை மூடிவிடுவோம். 1 மில்லிவாட்டைத் தாண்டாத 'வகுப்பு 2' சுட்டிகள் இந்த இயல்பை நம்பியே பாதுகாப்பானவையாகக் கருதப்படுகின்றன. பள்ளிக்கு அதுவே போதும். வாங்கும்போது அந்த எழுத்து ஒட்டுத்தாளில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒட்டுத்தாளை மட்டும் நம்பலாமா? அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்பக் கழகம் 122 லேசர் சுட்டிகளைச் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டது. பச்சைச் சுட்டிகளில் ஏறக்குறைய 90 விழுக்காடும், சிவப்பில் சுமார் 44 விழுக்காடும் அந்நாட்டின் பாதுகாப்பு விதியை மீறியிருந்தன. பச்சைச் சுட்டிகள் பலவற்றில் முதலில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிதான் உருவாகிறது. படிகங்கள் அதைப் பச்சையாக மாற்றுகின்றன. வடிகட்டி இல்லாத மலிவுப் பொருளில் எஞ்சிய அகச்சிவப்பும் வெளியேறும். அதற்குக் கண் கூசாது, இமையும் மூடாது. பாசார் மாலாமில் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் பச்சைச் சுட்டியைத் தம்பி தங்கைக்கு விளையாட்டுப் பொருளாக வாங்கித் தராதீர்கள்.

வானத்தை நோக்கி வேண்டாம்

பத்து பெரெண்டாமில் உள்ள மலாக்கா விமான நிலையத்தில் விமானிகளுக்குப் பயிற்சியும் அளிக்கப்படுகிறது. தாழப் பறக்கும் சிறு விமானங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். மீட்டருக்கு 1 மில்லிமீட்டர் என்ற கணக்கில், 3 கிலோமீட்டர் தொலைவில் உங்கள் சிறு புள்ளி 3 மீட்டர் அகல ஒளிவட்டமாகிவிடும். விமானத்தின் முன்கண்ணாடியில் பட்டு அது சிதறும்போது, இருளுக்குப் பழகிய விமானியின் கண் கூசிப்போகும். தரையிறங்கும் நேரத்தில் சில வினாடிப் பார்வை இழப்பே விபத்துக்குப் போதுமானது.

படைக்கும்போது நினைவில் வைக்க

முழங்கையை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். 5 மீட்டர் தொலைவில் நின்று கை 1 பாகை நடுங்கினாலே புள்ளி சுமார் 9 சென்டிமீட்டர் அலையும். காட்ட வேண்டிய இடத்தில் ஓரிரு வினாடி நிறுத்திவிட்டுப் பொத்தானை விடுங்கள். சபையினர் பக்கம் திரும்பும் முன் விரலை எடுத்துவிடுங்கள். பளபளப்பான தொலைக்காட்சித் திரை, கண்ணாடி அலமாரி, வெற்றிக் கிண்ணம் ஆகியவை கற்றையைத் திருப்பி அனுப்பக்கூடும். அவற்றின் மேல் லேசரைப் பாய்ச்ச வேண்டாம். இயங்கலை வகுப்பில் சுவரில் விழும் புள்ளி மற்றவர்களுக்குத் தெரியாது. அங்கே சுட்டெலியின் அம்புக்குறியால் காட்டுங்கள்.

அடுத்த முறை கருவி கைக்கு வந்ததும் முதலில் ஒட்டுத்தாளைப் படியுங்கள். கற்றை எங்கே போய் விழும் என்று ஒரு கணம் யோசித்த பிறகே பொத்தானில் விரலை வையுங்கள்.