ட்ரிப் சுவிச் மட்டும் போதாது

யாழ்ப்பாணக் குடாநாட்டில் எர்த் கம்பி இறக்குவது லேசான வேலையில்லை. வலிகாமத்தின் பல இடங்களில் செம்மண்ணைக் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணக்கல் முட்டும். ஆடி வெயிலில் காய்ந்த மண்ணோ மின்சாரத்தை இலகுவில் உள்வாங்காது. வயரிங் செய்பவர்கள் மட்டுமல்ல, வெல்டிங் பட்டறையிலும் அரிசி ஆலையிலும் தோட்டக் கிணற்றடியிலும் வேலை செய்யும் ஒவ்வொருவரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

நமது மின்சாரம் 230 வோல்ற். எர்த்தின் தடை 46 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கிணற்று மோட்டருக்குள் வயரின் உறை கிழிந்து இரும்புக் கூட்டில் பட்டால், மண்ணுக்குள் ஓடுவது கூடினால் 5 அம்பியர். 16 அம்பியர் பிரேக்கர் அதற்கு விழாது. மோட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். கூட்டில் 200 வோல்ற் அளவில் கறண்ட் நிற்கும். ஈரக் காலோடு நிற்பவரின் உடல் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். அவர் கூட்டைத் தொட்டால் 200 மில்லி அம்பியர் உடலில் பாயும். 10 மில்லி அம்பியரைத் தாண்டினாலே தசை இறுகி, பிடித்த பிடியை விட முடியாமல் போகும். 200 என்றால் இதயத் துடிப்பே குழம்பி நின்றுவிடலாம்.

இங்கேதான் ட்ரிப் சுவிச் உயிர் காக்கிறது. லைனில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்புவதும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிடுகிறது. 30 மில்லி அம்பியர் வித்தியாசம் வந்தால் 0.3 செக்கனுக்குள் துண்டித்துவிடும். ஆனால் ஒரு கை லைனிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டு, காலில் ரப்பர் செருப்பும் இருந்தால், போனது முழுவதும் திரும்பிவிடும், சுவிச் விழாது. "ட்ரிப் இருக்குத்தானே" என்று திறந்த பெட்டிக்குள் கை விடுவது அதனால்தான் ஆபத்து.

ஆகவே பயிற்சி வேண்டும். சுவரில் ஒட்டிய அறிவுறுத்தலை வாசிக்க வைப்பது பயிற்சியாகாது. கை பழக வேண்டும். மெயினை நிறுத்து. பூட்டுப் போட்டுச் சாவியை உன் பொக்கற்றில் வை. டெஸ்டரை முதலில் கறண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பார், பிறகு வேலை செய்யும் இடத்தில், மறுபடி கறண்ட் உள்ள இடத்தில். மூன்றாவது முறை எதற்கு? இடையில் டெஸ்டரே பழுதாகியிருந்தால், செத்த வயரும் உயிர் வயரும் அதற்கு ஒன்றுதான். ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானையும் மாதம் ஒரு தரம் அழுத்திப் பார்க்க வேண்டும். ஒருவருக்குக் கறண்ட் அடித்தால் ஓடிப்போய் அவரைப் பிடிக்காமல், முதலில் மெயினை நிறுத்தி, 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்து, மூச்சில்லையென்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்கும் பழக்கமும் வர வேண்டும்.

புதிதாகச் சேர்பவருக்கு முதல் நாளே இதைச் செய்து காட்டி, செய்ய வைக்க வேண்டும். மாரி தொடங்குமுன் எல்லோருக்கும் மறுபடி. அதுவும் வேலை நேரத்தில், சம்பளத்தோடு. மெயினை நிறுத்தியதால் அரை மணித்தியால வேலை கெட்டுப்போனது என்று ஒரு தொழிலாளியை முதலாளி ஒருமுறை ஏசினால், அந்தப் பயிற்சி அன்றோடு முடிந்துவிடும்.