ஆறு தோழிகளும் ஓர் எடை இயந்திரமும்

1961-ம் ஆண்டு. அமெரிக்காவில் நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதி. கடையில் சாமான் வாங்கிக் கொண்டிருந்த ஒரு குடும்பத் தலைவியைத் தெரிந்த பெண் ஒருத்தி பார்த்தாள். பார்க்க ரொம்ப நன்றாக இருப்பதாகப் பாராட்டினாள். அதோடு விட்டிருக்கலாம். "எப்போது பிரசவம்?" என்றும் கேட்டு வைத்தாள்.

அந்த அம்மாள் கர்ப்பிணி அல்ல. எல்லாம் வெறும் ஊளைச்சதை.

அவர் பெயர் ஜீன் நிடெட்ச். வயது 37. உயரம் 5 அடி 7 அங்குலம். எடை 214 பவுண்டு, அதாவது 97 கிலோ. தகப்பனார் டாக்சி ஓட்டியவர். அவர் காலமானதும் ஜீன் கல்லூரிப் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனார். வருமான வரி அலுவலகத்திலும் கொஞ்ச காலம் உத்தியோகம் பார்த்தார். கணவர் பஸ் டிரைவர். இரண்டு பையன்கள். நம் வீடுகளைப் போன்ற ஒரு வீடுதான்.

இளைப்பதற்கு அவர் செய்யாத முயற்சி இல்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இளைப்பார். பிறகு விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடித்துவிடுவார்.

கடையில் கேட்ட கேள்வி நெஞ்சில் தைத்துவிட்டது. நகர சுகாதாரத் துறை நடத்திய பருமன் சிகிச்சை நிலையத்துக்குப் போனார். அச்சடித்த உணவுப் பட்டியல் ஒன்று கொடுத்தார்கள். வாரத்தில் 5 தடவை மீன். ஒரு தடவை ஈரல். தினம் 2 துண்டு ரொட்டி, ஆடை நீக்கிய பால். இனிப்பு கூடாது. வாரம் தவறாமல் வந்து எடை பார்க்க வேண்டும். பட்டியலில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பத்து வாரத்தில் 20 பவுண்டு இறங்கியது.

ஆனால் ஒரு ரகசியம் இருந்தது. பிஸ்கட் பொட்டலங்களைக் குளியலறையில் அழுக்குத் துணிக் கூடைக்குள் ஒளித்து வைத்திருந்தார் ஜீன். இரவில் வீடு அடங்கியதும் அதைத் தின்பார். சிகிச்சை நிலையத்தில் இதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அங்கே இருந்தவரிடம் கண்டிப்பு இருந்தது, காது இல்லை.

ஆட்டம் ஆட வந்தவர்கள்

பொறுக்க மாட்டாமல், தன்னைப் போலவே பருமனான 6 தோழிகளை ஜீன் வீட்டுக்கு அழைத்தார். சேர்ந்து பொழுதுபோக்கு ஆட்டம் ஆடும் கூட்டம் அது. அவர்கள் முன்னால் பிஸ்கட் கதையை அவிழ்த்து விட்டார். சிரிப்பார்கள் என்று நினைத்தார். நடந்தது வேறு. ஒவ்வொருவரும் தாங்கள் எதை எங்கே ஒளித்து வைத்துத் தின்கிறோம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள்!

அடுத்த வாரமும் கூடுவது என்று தீர்மானம் ஆயிற்று. காசு போட்டு ஓர் எடை இயந்திரம் வாங்கினார்கள். உணவுப் பட்டியல் அதே பழைய பட்டியல்தான். இரண்டே மாதத்தில் கூட்டம் 40 பேராகிவிட்டது.

1962 அக்டோபர் 30-ந் தேதி ஜீனின் எடை 142 பவுண்டு. மொத்தம் 72 பவுண்டு, ஏறக்குறைய 33 கிலோ, குறைந்திருந்தது. கேட்க மலைப்பாக இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் மலைப்பு போய்விடும். ஓர் ஆண்டுக்கு மேல் பிடித்திருக்கிறது. வாரத்துக்கு முக்கால் கிலோ கூட இல்லை. வாரா வாரம் பார்த்தவர்களுக்கு மாற்றம் கண்ணில் படாது. அந்த மாதிரி வாரங்கள் ஐம்பதுக்கு மேல் தாக்குப் பிடிப்பதுதான் கஷ்டம். தோழிகள் தேவைப்பட்டது அதற்காகத்தான்.

1963 மே மாதம் இது ஒரு கம்பெனியானது. துணி வியாபாரத்தில் இருந்த ஆல் லிப்பர்ட் என்பவரும் அவர் மனைவியும் ஜீனிடம் வந்து இளைத்தவர்கள். அவர்கள்தான் வியாபார மூளை. ஒரு சினிமா தியேட்டரின் மாடியில் 50 நாற்காலி போட்டுக் காத்திருந்தார்கள். வந்தவர்கள் சுமார் 400 பேர். "வெயிட் வாட்சர்ஸ்" என்ற பெயர் ஊரெல்லாம் பரவியது. கூட்டம் நடத்துகிறவர் டாக்டராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் தானே குண்டாக இருந்து இளைத்தவராக இருக்க வேண்டும். இதுதான் அவர்கள் விதி. 1978-ல் ஹெயின்ஸ் கம்பெனி 7 கோடி டாலருக்கு மேல் கொடுத்து இதை வாங்கியது.

இந்த யோசனை ஜீனுக்கு மட்டும் தோன்றியதல்ல. 1948-லேயே மில்வாக்கி நகரில் எஸ்தர் மான்ஸ் என்ற குடும்பப் பெண் இதே மாதிரி ஒரு சங்கம் தொடங்கியிருந்தார். "டாப்ஸ்" என்று பெயர். லாப நோக்கம் இல்லாதது. ஆரம்ப நாட்களில் அதன் சில கிளைகளில் ஒரு வேடிக்கை நடந்தது. எடை ஏறி வந்தவரின் கழுத்தில் பன்றிப் படம் போட்ட துணியைக் கட்டி உட்கார வைப்பார்களாம். வேடிக்கையா, வேதனையா என்பது கட்டிக் கொண்டவருக்குத்தான் தெரியும். அவமானப்பட்டவர் அடுத்த வாரம் வராமல் இருந்துவிடுவார். வராதவர் எப்படி இளைப்பார்?

முள் ஏன் நகர மறுக்கிறது?

முதல் இரண்டு வாரம் எடை மளமளவென்று இறங்கும். எல்லோருக்கும் உற்சாகம். ஆனால் இறங்குவதில் பெரும்பங்கு தண்ணீர். உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தோடு சேர்ந்திருக்கும் தண்ணீர் அது. பிறகுதான் கொழுப்பு கரையும் மெதுவான வேலை ஆரம்பம்.

ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. தினம் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோ கணக்கு. அதுவும் போகப் போகக் குறையும். ஆள் இளைத்துவிட்டால், நடக்கவும் நிற்கவும் உடம்புக்கு முன்பு வேண்டியிருந்த அளவு சக்தி வேண்டியதில்லை. அதனால் மூன்றாவது, நான்காவது மாதத்தில் முள் ஒரே இடத்தில் நின்றுவிடும். "எல்லாம் வீண்" என்று பெரும்பாலோர் கைவிடுவது இங்கேதான்.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. நேற்று இரவு ஊறுகாயும் அப்பளமும் அதிகம் போயிருந்தால், உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். காலையில் ஒரு கிலோ கூடக் காட்டும். அது கொழுப்பு அல்ல. எனவே தினம் மூன்று வேளை இயந்திரத்தில் ஏறிப் பார்த்து மனம் நோக வேண்டாம். வாரம் ஒரு நாள், அதே கிழமை, அதே நேரம் பார்த்தால் போதும்.

கூடிப் பேசினால் மட்டும் உண்மையிலேயே இளைக்குமா? இங்கிலாந்து, ஜெர்மனி, ஆஸ்திரேலியா நாடுகளில் 772 பேரை வைத்துச் சோதித்தார்கள். 2011-ல் "லான்செட்" மருத்துவ இதழில் முடிவு வந்தது. டாக்டரிடம் வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்கள் ஓராண்டில் சராசரியாக 2.25 கிலோ குறைந்தார்கள். ஜீன் தொடங்கிய கூட்டங்களுக்கு அனுப்பப்பட்டவர்கள் 5.06 கிலோ. இரண்டு மடங்குக்கும் மேல். ஆனாலும் ஓராண்டுக்கு 5 கிலோதான் என்பதையும் கவனிக்க வேண்டும். "30 நாளில் 15 கிலோ" என்று ரயில் பெட்டியில் நோட்டீஸ் ஒட்டுகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஐந்து கிலோவில் என்ன வந்துவிடும்? நிறைய வரும். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 3,234 பேரை அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது. இந்த இரண்டையும் இலக்காக வைத்துப் பழகிய பிரிவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. இது 2002-ல் வெளியான முடிவு. எண்பது கிலோ ஆசாமிக்கு 7 சதவீதம் என்பது ஐந்தரைக் கிலோ. மாதம் ஒரு கிலோ குறைந்தால் ஆறு மாதத்தில் எட்டிவிடலாம்.

நம் நாட்டவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அதிகப் பருமன் இல்லாமலே சர்க்கரை வந்துவிடுகிற உடல்வாகு நம்முடையது. கை கால் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னால் நிற்கும். அதனால் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்று நம்மவர்களுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். தையல்காரரின் டேப் இருந்தால் வீட்டிலேயே பார்த்துக் கொள்ளலாம்.

கேரளத்திலும் ஒரு பரிசோதனை நடந்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில், சர்க்கரை வரக்கூடியவர்கள் 1,007 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பகுதிகளில் உள்ளூர்க்காரர்களே தலைமை வகித்துக் கூட்டம் நடத்தினார்கள். முடிவு 2018-ல் வந்தது. இரண்டு ஆண்டில் சர்க்கரை நோய் வந்தவர்கள் கூட்டம் நடந்த பகுதிகளில் 14.9 சதவீதம், மற்றப் பகுதிகளில் 17.1 சதவீதம். பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. ஆனால் கூடியவர்கள் காய், பழம் அதிகம் சாப்பிட்டார்கள். குடி குறைந்தது. கூட்டம் கூடினாலே நோய் ஓடிவிடும் என்று நம்ப வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தாராவியிலும் செம்பூரிலும்

மும்பை ரயில் நிலையங்களில் ஒரு காலத்தில் காசு போட்டால் எடை அட்டை விழும் இயந்திரங்கள் வரிசையாக நிற்கும். கலர் விளக்கு சுழலும். அட்டையின் ஒரு பக்கம் எடை, இன்னொரு பக்கம் ஜோசியம். எடையைவிட ஜோசியத்தைப் படித்தவர்களே அதிகம். இப்போது அவை அரிதாகிவிட்டன. ஆனால் வீட்டில் வைக்கும் சிறிய இயந்திரம் நாலு பேர் பங்கு போட்டால் எட்டாத விலை அல்ல.

நாலு பேருக்கும் பஞ்சமில்லை. தினம் காலையில் அதே வண்டி, அதே பெட்டி, அதே முகங்கள். ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் போன் போட்டு விசாரிக்கிறார்கள். ஓர் அறையில் ஐந்து பேர் தங்கி மெஸ்ஸில் சாப்பிடுகிற தம்பிகளும் இருக்கிறார்கள். ஜீனுக்குத் தோழிகளைத் தேடிப் போக வேண்டியிருந்தது. இங்கே கூட்டம் ஏற்கெனவே கூடியிருக்கிறது.

அதே கூட்டம்தான் கெடுக்கவும் செய்கிறது. வண்டியை விட்டு இறங்கியதும் ஒருவர் வடா பாவ் கடைக்கு நகர்ந்தால் நாலு பேரும் நகர்கிறார்கள். ஒரு வடா பாவ் ஏறக்குறைய 300 கலோரி. டீயை எடுத்துக் கொள்ளுங்கள். ஆபீசில் ஒரு நாளைக்கு 5 டீ, டீக்கு 2 சிறிய கரண்டி சர்க்கரை என்றால், சர்க்கரை மட்டும் 160 கலோரி. அதை நிறுத்தினால் கணக்குப்படி ஏழு வாரத்துக்கு ஒரு கிலோ. ஒருவர் மட்டும் சர்க்கரை இல்லாத டீ கேட்டால் மற்றவர்கள் கேலி செய்வார்கள். நாலு பேரும் கேட்டால் டீக்காரப் பையன் தனிக் கெட்டிலில் கொண்டு வருவான்.

சோற்றை அடியோடு விடுகிறேன் என்று சபதம் போடுகிறவர்கள் பத்து நாள் தாங்குவது கஷ்டம். சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, பொரியலில் ஒரு கரண்டி கூட்டிக் கொள்வது ஆண்டுக் கணக்கில் தாங்கும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக் கொள்கிறவர்கள் மட்டும் டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும். சாப்பாடு குறையும்போது மருந்து அளவும் மாற வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம்.

இப்போது வாரம் ஒரு தடவை போட்டுக் கொள்ளும் ஊசி மருந்துகள் வந்துவிட்டன. பசியை அடக்குகின்றன. நன்றாகவே இளைக்கிறது. ஆனால் ஊசியை நிறுத்திய ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதாக 2022-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. இந்த ஊசிகளின் போட்டியில் ஜீனின் கம்பெனியே ஆட்டம் கண்டு, 2025 மே மாதம் திவால் சட்டத்தின் பாதுகாப்பைக் கோரியது.

ஜீன் அதைப் பார்க்கவில்லை. 2015 ஏப்ரலில், 91-வது வயதில், புளோரிடாவில் காலமானார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்த வாரம் யாருக்கும் சோதனைதான். அம்மா கையால் சாப்பிட்டதில் இரண்டு கிலோ ஏறியிருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை "எனக்கு வேலை இருக்கிறது" என்று ஒருவர் நழுவப் பார்ப்பார். அவரைப் போய்க் கூட்டி வர வேண்டும். எடையைக் குறித்துக் கொண்டு, ஊரில் மழை எப்படி என்று கேட்டுவிட்டு, அடுத்தவரை ஏறச் சொல்ல வேண்டும்.