வெளிச்சத்தை எண்ணும் பை

ராஸ்பெரி பை என்ற கம்ப்யூட்டரில் ஒரு குறை உண்டு. அதன் ஓரத்தில் இரண்டு வரிசையாக நிற்கும் 40 பின்களில் ஒன்றுக்குக்கூட ‘கொஞ்சம்’ என்றால் என்னவென்று தெரியாது. மின்னழுத்தம் இருக்கிறதா, இல்லையா, அவ்வளவுதான். பொழுது சாயச் சாய வெளிச்சம் மெல்லக் குறைவதை அவற்றால் நேரடியாக அளக்க முடியாது. ஆர்டுயினோ போர்டில் இதற்கென்றே அனலாக் பின்கள் இருக்கின்றன. ஆனால் எனக்கு எலக்ட்ரானிக்ஸ் பிடிபட்டது பையின் இந்தக் குறையால்தான்.

கேம்பிரிட்ஜில் கம்ப்யூட்டர் அறிவியல் படிக்க விண்ணப்பிப்போர் குறைந்துகொண்டே போனதைக் கண்டு கவலைப்பட்ட எபன் அப்டனும் சகாக்களும் உருவாக்கியது பை. 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலர் விலையில் வந்தது. பிள்ளைகள் புரோகிராம் எழுத வேண்டும் என்பதே அவர்கள் ஆசை. நம்மைப் போன்றவர்கள் ஓரத்துப் பின்களில் ஒயரைச் செருக உட்கார்ந்துவிட்டோம்.

எல்லோரும் எல்.இ.டி.யில்தான் தொடங்குவார்கள். பின் தருவது 3.3 வோல்ட். சிவப்பு எல்.இ.டி. அதில் சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மிச்சம் 1.3 வோல்ட். நடுவில் 330 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் ஓடுவது ஏறக்குறைய 4 மில்லியாம்பியர். ஒரு பின்னிலிருந்து 16 மில்லியாம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக உருப்போட்ட ஓம் விதிக்கு இங்கேதான் வேலை வருகிறது.

அதை நான் ஒருமுறை மதிக்கவில்லை. தூரம் அளக்கும் அல்ட்ராசானிக் சென்சார் 5 வோல்ட்டில் பதில் அனுப்பும். அந்த ஒயரை அப்படியே பையில் செருகினேன். 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காத அந்தப் பின் அன்றோடு செத்தது. ஆயிரம் ஓம், இரண்டாயிரம் ஓம் என இரண்டு ரெசிஸ்டர்களை வரிசையாகப் போட்டு, இடையிலிருந்து ஒயர் எடுத்திருந்தால் 5 வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 3.3 வோல்ட்தான் வந்திருக்கும்.

சரி, வெளிச்சத்துக்கு வருவோம். எல்.டி.ஆர். என்பது வெளிச்சம் பட்டால் தடை குறையும் ரெசிஸ்டர். அதன் ஒரு கால் 3.3 வோல்ட்டுக்கு. மறுகால் பின்னுக்கு. அதே இடத்திலிருந்து கிரவுண்டுக்கு 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று. இது குழாயடியில் குடம் வைப்பது மாதிரிதான். எல்.டி.ஆர். குழாய், கெபாசிட்டர் குடம். புரோகிராம் முதலில் பின்னை அவுட்புட்டாக்கி, பூஜ்யத்தில் வைத்துக் குடத்தைக் கவிழ்க்கும். அடுத்து அதையே இன்புட்டாக்கி, ‘இருக்கிறது’ என்று சொல்லும்வரை நேரத்தை எண்ணும். ஓமையும் ஃபாரடையும் பெருக்கினால் நொடி கிடைக்கும் என்பது முதலில் எனக்கு மாயம்போல் இருந்தது. தடை 10,000 ஓம் என்றால் நூறில் ஒரு நொடி. இருட்டில் அது 10 லட்சம் ஓமைத் தொட்டால் ஒரு நொடி. குடம் முக்கால்வாசிகூட நிரம்பாத நேரம் இது. பின்னுக்கு அதுவே போதும். ‘கொஞ்சம்’ தெரியாத பின், எவ்வளவு நேரம் என்று எண்ணியே வெளிச்சத்தைச் சொல்லிவிடுகிறது.

இந்த வேலைக்கு ஏ.டி.சி. என்றொரு சிப் இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். முதல் தடவை அதை வாங்காதீர்கள். எல்.டி.ஆரும் கெபாசிட்டரும் போதும். கெபாசிட்டரில் கோடு போட்ட பக்கத்துக் கால் கிரவுண்டுக்குப் போக வேண்டும். ஒயரைத் தொடும் முன் பவரை நிறுத்திவிடுங்கள்.