எத்தனால் ஆலைச் சக்கை கறிக்கோழிக்கு ஆகுமா?

கறிக்கோழி வளர்ப்பில் பத்து ரூபாய் செலவானால் ஆறேழு ரூபாய் தீவனத்துக்கே போய்விடும். அதிலும் சோயா புண்ணாக்கின் விலை ஏறும்போதெல்லாம் பண்ணையாளரின் கையைக் கடிக்கிறது. மைசூரு, சாமராஜநகர் பக்கம் சொந்தமாகத் தீவனம் அரைப்பவர்கள் டிடிஜிஎஸ் என்ற சக்கையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய காலம் இது.

அது என்ன?

மக்காச்சோளத்தையோ குருணை அரிசியையோ மாவாக்கி, வேகவைத்து, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைத்தால் மாவுச்சத்து எத்தனாலாகவும் கரியமில வாயுவாகவும் மாறிவிடும். புரதம், கொழுப்பு, நார், தாதுக்கள் சக்கையில் தங்கும். அதோடு, வடிநீரைச் சுண்டக் காய்ச்சிய பாகையும் கலந்து உலர்த்தினால் டிடிஜிஎஸ். மக்காச்சோளத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்து. அது நீங்கியதும் மீதி எல்லாம் மும்மடங்கு செறிகிறது. 9% புரதம் 27% ஆகிறது. அரிசியில் மாவுச்சத்து இன்னும் அதிகம் என்பதால் அரிசிச் சக்கையில் புரதம் 40 சதவீதத்தையும் தாண்டும்.

2023 ஜூலையில் இந்திய உணவுக் கழகம் எத்தனாலுக்கு அரிசி கொடுப்பதை நிறுத்தியதும் ஆலைகள் மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பின. கோழிக்கும் ஆலைக்கும் ஒரே தானியத்துக்குப் போட்டி வந்தது. அந்தத் தானியத்தின் ஒரு பங்குதான் சக்கையாகத் தீவனச் சந்தைக்குத் திரும்புகிறது.

நஞ்சன்கூடு வட்டாரத்தில் உள்ள பீர் ஆலைகளின் ஈரச் சக்கை வேறு. அதில் முக்கால் பங்கு தண்ணீர், நாரும் அதிகம். இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும். கறவை மாட்டுக்கு ஏற்றது, கறிக்கோழிக்கு வேண்டாம்.

எவ்வளவு சேர்க்கலாம்?

முதல் மூன்று வாரம் 5%, அதன் பிறகு 10% வரை சேர்ப்பது பத்திரமான அளவு. சோயாவை முழுதாக எடுத்துவிட்டு இதைப் போட முடியாது. சோயா புண்ணாக்கில் லைசின் என்ற அமினோ அமிலம் ஏறக்குறைய 2.8%, மக்காச்சோளச் சக்கையில் 1 சதவீதத்துக்கும் குறைவு. உலர்த்தும்போது சூடு மிஞ்சினால் இருப்பதும் கருகி, கோழிக்குச் செரிக்காமல் போகும். லைசின் குறைந்தால் நெஞ்சுக்கறி பிடிக்காது. ஆகவே லைசினைத் தனியாகச் சேர்க்க வேண்டும். குறையும் எரிசக்தியை எண்ணெய் விட்டு ஈடுகட்ட வேண்டும். ஒரு லாபமும் உண்டு: நொதித்தலில் பாஸ்பரஸ் கோழிக்கு எளிதில் கிடைக்கும் நிலைக்கு வருவதால் டிசிபி-யை (டைகால்சியம் பாஸ்பேட்) கொஞ்சம் குறைக்கலாம்.

பெரிய ஆபத்து

புரதம் செறிவதைப் போலவே பூஞ்சை நஞ்சும் செறியும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டபோதுதான் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது. காரணம், தீவனத்தில் கலந்த பூஞ்சை பிடித்த நிலக்கடலைப் புண்ணாக்கு. இந்த நஞ்சு ஈரலைத் தாக்கும், எடை ஏறாது, தடுப்பூசியும் சரியாக வேலை செய்யாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 பிபிபி (நூறு கோடியில் 20 பங்கு) நஞ்சுள்ள மக்காச்சோளம் ஆலைக்குப் போனால் சக்கையில் 60 பிபிபி ஆகும். ஒரு டன் தீவனத்தில் அந்தச் சக்கை 100 கிலோ சேர்த்தால் 6 பிபிபி ஏறும். அதே தரத்து மக்காச்சோளம் 550 கிலோ போட்டால் 11 பிபிபி. இரண்டும் சேர்ந்தே 17. கோழித் தீவனத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் உச்சம் 20 பிபிபி. சக்கையை 20% ஆக்கினால் எல்லை தாண்டிவிடும்.

வாங்கும்போது

மக்காச்சோளச் சக்கை பொன்மஞ்சளாக, இனிய புளிப்பு மணத்தோடு இருக்க வேண்டும். கரும்பழுப்பு நிறமும் கருகல் வாடையும் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். ஈரம் 12 சதவீதத்துக்கு மேல் கூடாது. நிறம் நஞ்சைக் காட்டாது. அதற்கு ஆய்வகம்தான் வழி. புரதம், ஈரம், அஃப்ளாடாக்சின் மூன்றுக்கும் ஒவ்வொரு லோடுக்கும் அறிக்கை கேளுங்கள். போன லோடின் அறிக்கை இந்த லோடுக்குச் செல்லாது. புரத அளவை உயர்த்திக் காட்ட யூரியா கலந்திருக்கிறதா என்றும் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஒப்பந்த முறையில் வளர்ப்பவர்களுக்குத் தீவனம் நிறுவனத்திடமிருந்து வருகிறது. அவர்களும் அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்கலாம், கேட்க வேண்டும்.

அளவோடு, சோதித்துச் சேர்த்தால் இந்தச் சக்கை நல்ல தீவனம். மூட்டை விலையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அறிக்கையைப் பார்த்து வாங்குங்கள்.