டொரோனாடோவின் சங்கிலி

காலை நெரிசலில் பெர்மாஸ் ஜெயா பாலத்தில் ஊர்ந்துபோகும் மைவி, சாகா, ஆக்ஸியா எல்லாவற்றையும் முன்சக்கரங்கள்தாம் இழுக்கின்றன. சின்ன கார்களுக்கான சிக்கன ஏற்பாடு என்று தோன்றும். அமெரிக்காவில் இது ஆடம்பரத்தின் வழியாகத் திரும்பி வந்தது.

1966-ஆம் ஆண்டுக்கான ஓல்ட்ஸ்மொபில் டொரோனாடோ இரண்டு கதவு கூப்பே. ஃபோர்டு தண்டர்பேர்டு, பியூக் ரிவியேரா வரிசையில், குடும்பத் தேவைக்கென்று இல்லாமல் தன் சொகுசுக்கென்று வாங்கும் வண்டி. நீளம் 5.3 மீட்டருக்கு மேல், எடை சுமார் 2 டன், 7 லிட்டர் வி8 எஞ்சின், 385 குதிரைத்திறன். 1937-இல் கார்டு கார்களின் உற்பத்தி நின்றுபோன பிறகு முன்சக்கர இழுவையோடு வந்த முதல் அமெரிக்கக் கார் இதுதான்.

பிரிட்டனின் மினி 1959-லேயே தன் குட்டி எஞ்சினைக் குறுக்கே வைத்துச் சமாளித்துவிட்டது. டொரோனாடோவின் வி8 நீளவாட்டில் இருந்தது. வழக்கம்போல் அதன் பின்னால் கியர்பாக்ஸை மாட்டினால் விசை பின்பக்கம் போய்விடும். அதனால் கியர்பாக்ஸைத் தனியே பிரித்து, எஞ்சினின் இடப்பக்கத்தில், முன்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தார்கள். எஞ்சினின் பின்முனையில் டார்க் கன்வெர்ட்டர். அதிலிருந்து கியர்பாக்ஸுக்கு விசையைக் கடத்த ஒரு சங்கிலி.

385 குதிரைகளையும் ஒரு சங்கிலியை நம்பி விடுவதா! சைக்கிள் சங்கிலி பற்சக்கரத்தில் ஏறும்போது ஒவ்வொரு கண்ணியும் லேசாக எழும்பித் தாழும். வேகம் கூடினால் அந்த அதிர்வே இரைச்சலாகும். டொரோனாடோவில் போட்ட ஹை-வோ சங்கிலி சுமார் 5 செ.மீ. அகலம். பல் வெட்டிய மெல்லிய எஃகுத் தகடுகளின் அடுக்கு அது. ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு ஊசிகள், ஒன்றின் மீது ஒன்று உரசாமல் உருளும். தேய்மானமும் குறைவு, சத்தமும் குறைவு.

பின்பக்கம் ஓடும் நீண்ட தண்டு இல்லாததால் காரின் தரை சமமானது. நடுவில் மேடு இல்லை. எஞ்சினின் பாரம் இழுக்கும் சக்கரங்கள் மீதே விழுந்ததால் ஈரச் சாலையில் நல்ல பிடிப்பு. ஆனால் இத்தனை கனத்துக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் வைத்தது, என்னைக் கேட்டால், பொறுப்பில்லாத வேலை. டிஸ்க் பிரேக் 1967-இல்தான் வந்தது, அதுவும் கூடுதல் காசுக்கு.

நம் கார்கள் பின்பற்றுவது டொரோனாடோவை அல்ல. குறுக்கே கிடக்கும் எஞ்சினின் ஒரு முனையில் கியர்பாக்ஸை ஒட்டவைக்கும் முறையை 1964-இல் இத்தாலியின் ஆட்டோபியாங்கி பிரிமுலா காட்டிவிட்டது. மலிவானது, எளியது, அதுதான் ஜெயித்தது. சங்கிலி மட்டும் வேறு வேலைக்குப் போய்விட்டது. நான்கு சக்கர இழுவை கொண்ட பிக்கப் ஒன்றின், விசையை முன்பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பட்டறையில் பிரித்துப் போட்டிருந்தால் எட்டிப் பாருங்கள். பலவற்றில் இதே இனச் சங்கிலி இருக்கும்.