ஒரு ஹாரன், ஒரு டிரம், நான்கு மோட்டார்

கோவையில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை நடத்தும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: “லெஸ்லி ஸ்பீக்கர் பெட்டியின் உட்புறப் படம் பார்த்தேன். சுழலும் பாகம் இரண்டுதான், மோட்டார் நான்கு இருக்கிறது. வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு ரெகுலேட்டர் போதாதா?” தொழில் தெரிந்தவர் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி இது. அந்தப் பெட்டிமேல் எனக்கு வெகுகாலமாகவே ஒரு பித்து உண்டு. ஆகவே பதிலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தப் பெட்டியின் கதை ஹாமண்ட் ஆர்கன் என்ற மின்சார ஆர்கனில் தொடங்குகிறது; அது 1935-ல் சிகாகோவில் பிறந்தது. 1937-ல் ஒன்றை வாங்கிய டொனால்ட் லெஸ்லி, கடையின் பெரிய ஹாலில் நிறைவாகக் கேட்ட ஒலி தன் வீட்டு அறையில் சப்பென்று இருப்பதைக் கண்டார். பைப் ஆர்கனில் ஒவ்வொரு ஸ்வரமும் ஒவ்வொரு குழாயிலிருந்து, வேறு வேறு இடத்திலிருந்து கிளம்பி வரும். ஸ்பீக்கரில் எல்லாம் ஒரே துளை வழியாக வருகிறது. அந்த நடமாட்டத்தைக் கொண்டுவர அவர் ஒலியையே சுழலவிட்டார். ஆர்கனை உருவாக்கிய லாரன்ஸ் ஹாமண்டுக்கு இது பிடிக்கவே இல்லை. வாசிப்பவர்களுக்குப் பிடித்துவிட்டது. 1966-ல் பீட்டில்ஸ் குழு ஜான் லெனனின் குரலையே இந்தப் பெட்டி வழியாக அனுப்பிப் பதிவு செய்தது.

புகழ்பெற்ற 122 மாடலை எடுத்துக்கொள்வோம். சுமார் 800 ஹெர்ட்ஸுக்கு மேலான ஒலி மேல்தட்டில் சுழலும் ஹாரனுக்குப் போகிறது. கீழான ஒலி, தரையைப் பார்த்துப் பொருத்திய 15 அங்குல உஃபருக்குப் போகிறது; அதன் அடியில் ஒரு டிரம் சுழன்று ஒலியை வாரி வீசுகிறது. ஹாரனுக்கு இரண்டு கைகள் தெரியும். ஒலி வருவது ஒன்றில் மட்டும். மற்றது எடை சமன் செய்ய வைத்த வெறும் கை. ஹாரனும் டிரம்மும் எதிரெதிர்த் திசையில் சுற்றும்.

வேகம் இரண்டே. ஹாரன் வேகமாக ஓடினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 400 சுற்று, மெதுவாக ஓடினால் 50-க்குச் சற்றுக் குறைவு. டாப்ளர் விளைவை எல்லோரும் பள்ளியில் படித்திருப்போம்: ஒலி எழுப்புவது நம்மை நெருங்கினால் ஸ்வரம் ஏறும், விலகினால் இறங்கும். ஹாரனின் வாய் ஏறக்குறைய 20 செ.மீ. ஆரத்தில் சுற்றுவதாகக் கொண்டால், முழு வேகத்தில் அது வினாடிக்கு 8 மீட்டர் ஓடுகிறது. ஸ்வரம் அசைவது நன்றாகவே காதில் படும்.

இனி ரெகுலேட்டர். எங்கள் பாட்டி வீட்டுக் கூடத்தில் பெட்டி ரெகுலேட்டர் வைத்த பழைய ஃபேன் ஒன்று இருந்தது. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கிவிட்டால் ஒன்றாம் எண்ணில் உறுமும், சுற்றாது. விளக்குமாற்றுக் கட்டையால் றெக்கையைத் தள்ளிவிட வேண்டும். இண்டக்‌ஷன் மோட்டாரின் குணம் அது. அதன் வேகத்தை ஆள்வது மின்சாரத்தின் அதிர்வெண். வோல்டேஜைக் குறைத்தால் முதலில் போவது முறுக்குவிசை, பிறகு சூடேறும். எட்டில் ஒரு பங்கு வேகத்தில் அது நிலையாக நிற்காது. லெஸ்லி அதனால் ஒவ்வொரு சுழலிக்கும் இரண்டு மோட்டாரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

பெல்ட்டை இழுப்பது வேக மோட்டார். மெதுவோட்ட மோட்டாருக்கு மின்சாரம் கிடைத்ததும் காந்தப் புலம் அதன் ரோட்டரை அச்சுவாக்கில் இழுக்கிறது. அந்த நகர்வில், ரப்பர் வளையம் பூட்டிய சின்னச் சக்கரம் ஒன்றின் வழியாக அது வேக மோட்டாரின் தண்டைப் பிடித்து மெல்லச் சுற்றுகிறது. மின்சாரம் நின்றால் ஸ்பிரிங் விலக்கிவிடும். தனியாகக் கிளட்ச் எதுவும் இல்லை, மோட்டாரே கிளட்ச். வாசிப்பவரின் கைக்கருகே உள்ள சுவிட்ச், பெட்டிக்குள் ஒரு ரிலேயை இயக்கி, ஒரு மோட்டாரை அணைத்து மற்றதைப் போடுகிறது. அவ்வளவுதான்.

நான் சொக்கிப்போவது இதற்கு அடுத்த சில வினாடிகளில். சுவிட்சை வேகத்துக்குத் தள்ளுங்கள். ஹாரன் லேசானது, ஓரிரு வினாடியில் முழு வேகத்தை எட்டிவிடும். டிரம் கனமானது, அதன் பெல்ட்டும் கொஞ்சம் வழுக்கும். ஐந்தாறு வினாடி, சில பெட்டிகளில் அதற்கும் மேல் எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் மேல்ஸ்தாயி துடித்துக்கொண்டிருக்க, கீழ்ஸ்தாயி இன்னும் அசைந்து அசைந்து வந்துகொண்டிருக்கும். இரண்டு தாளமும் நெருங்கி, உரசி, கடைசியில் ஏறக்குறைய ஒன்றாகும். மெதுவுக்குத் திரும்பும்போது அதே கதை தலைகீழாக. தேர்ந்த ஆர்கன் கலைஞர்கள் ஒரு வரி முடியும் இடத்தைக் கணக்கிட்டு அதற்கு முன்பே சுவிட்சைத் தட்டுவார்கள். பெல்ட்டை இறுக்கினால் டிரம் சீக்கிரம் ஏறும், தளர்த்தினால் தாமதிக்கும். அதையும் தங்கள் காதுக்கேற்ப அமைத்துக்கொள்வார்கள். வேகத்தைவிட, வேகம் மாறும் விதம்தான் இந்தக் கருவியின் இசை. இரண்டு சுழலியும் ஒரே சீராக ஏறி இறங்கும்படி செய்த மலிவான மின்னணு நகல்களில் இது கிடைப்பதில்லை. பட்டனில் லெஸ்லி என்று எழுதினால் போதாது.

அமெரிக்கப் பெட்டி நம் ஊருக்கு வந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வோல்டேஜை மட்டும் மாற்றும். 60 ஹெர்ட்ஸ் 50 ஆனதால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்து, 400 சுற்று 330-க்கு அருகில் வந்துவிடும். ஹாரனை ஓட்டும் வேக மோட்டாரின் கப்பியில் பல படிகள் உண்டு; பெல்ட்டைப் பெரிய படிக்கு மாற்றினால் ஹாரன் வேக ஓட்டத்தில் இழந்ததை மீட்கலாம்.

அதிர்வெண்ணையே மாற்றி ஓட்டும் மின்னணுக் கட்டுப்பாடுகள் இன்று கிடைக்கின்றன. ஒரே மோட்டாரில் இரண்டு வேகமும், ஏறி இறங்கும் நேரமும் அமைத்துக்கொள்ளலாம். நல்ல வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் மெதுவோட்டம் நின்றுபோன பெட்டியைப் பார்த்தவுடன் நான்கு மோட்டாரையும் கழற்றிப் பழைய இரும்புக்குப் போடுவது அநியாயம். பெரும்பாலும் மோட்டார் எரிந்திருக்காது. எண்ணெய் காய்ந்து பிசினாகி ரோட்டர் நகர முடியாமல் நிற்கும், அல்லது ரப்பர் வளையம் இறுகி வழுக்கும். அதன்மேல் ஏதாவது ஸ்ப்ரேயை அடித்தால் ரப்பரில் எண்ணெய் பட்டு இன்னும் மோசமாகும்.

இப்படி ஒரு பெட்டி உங்கள் கைக்கு வந்தால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மோட்டாரைப் பிரியுங்கள். பிசினைத் துடைத்து, பேரிங்கில் லேசான மோட்டார் எண்ணெய் சில சொட்டு விடுங்கள். ரப்பர் வளையத்தையும் பெல்ட்டையும் புதிதாகப் போடுங்கள். இரண்டும் இன்றைக்கும் விலைக்குக் கிடைக்கின்றன.