பென்னியும் பார்த்திங்கும்

மைசூர் மைன்ஸில் எங்கள் வீட்டுச் சுவரோரம் தாத்தாவின் சைக்கிள் ஒன்று சாத்தியிருக்கிறது. சுரங்க வேலைக்கு அவர் அதில்தான் போய் வந்தார். 2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கம் மூடப்பட்டது. நான் பிறந்ததும் அவ்வாண்டுதான். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்கிறார், நாள்தோறும் விடியற்காலை ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போகும் அப்பா.

விடுமுறையில் உடன் வந்த விடுதி நண்பர் அதைக் கண்டதும், "பென்னி-பார்த்திங் என்றொரு வண்டி உண்டே, ஒரு பென்னியும் ஒரு பார்த்திங்கும் அதன் வாடகையாம்!" என்றார். அஃது உண்மையன்று.

முன்சக்கரம் மார்பளவு உயரமும் பின்சக்கரம் முழங்கால் உயரமும் உள்ள வண்டி அது. பக்கவாட்டில் பார்த்தால் பெரிய பென்னிக்குப் பின்னால் சிறிய பார்த்திங் உருண்டு வருவதுபோல் தோன்றும். பெயர்க் காரணம் அவ்வளவே. 1870க்குப் பின் ஜேம்ஸ் ஸ்டார்லி போன்றோர் இவ்வண்டியைப் பரப்பினர். சங்கிலி கிடையாது, மிதிகட்டை முன்சக்கரத்தின் அச்சிலேயே இருந்தது. ஒரு மிதிக்கு ஒரு சுற்று. 52 அங்குலச் சக்கரமானால் ஒரு சுற்றுக்கு நான்கு மீட்டருக்குச் சற்று மேல். வேகம் வேண்டுமா? சக்கரத்தைப் பெரிதாக்கு! ஓட்டுபவரின் கால் நீளந்தான் எல்லை.

பெயர் வைத்தவர் அளவுகோலைத் தொடவில்லை போலும். பென்னியின் விட்டம் ஏறத்தாழ 31 மில்லிமீட்டர், பார்த்திங் 20, ஒன்றரை மடங்குதான். சக்கரங்களிலோ ஏறக்குறைய மூன்று மடங்கு. பாட்டியின் சுருக்குப்பையில் கிடந்த காலணாவையும் தம்படியையும் அளந்தேன். அங்கும் ஏறத்தாழ ஒன்றரை! நம்மவர் பெயரிட்டிருந்தால் 'காலணா-தம்படி வண்டி' ஆகியிருக்கும். பார்த்திங் என்றாலே நான்கில் ஒன்று, அதாவது கால். நம் 'கால்' உறுப்பையும் குறிக்கும். திருக்குறளில் தேர்ச்சக்கரத்தையும் குறிக்கிறது.

வியப்பு வேறொன்று. அவ்வண்டி சிறப்பாக ஓடிய நாளில் இப்பெயர் அதற்கு இல்லை. முதலில் வெறும் 'பைசைக்கிள்'. 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் 'ரோவர்' சங்கிலியோடும் ஏறத்தாழச் சம அளவுச் சக்கரங்களோடும் வந்து 'சேப்டி' எனப்பட்டது. பழையதை அதனின்று பிரித்துக் காட்ட 'ஆர்டினரி', அதாவது சாதாரணம், என்றனர். 'பென்னி-பார்த்திங்' என்ற பெயர் அச்சேறியது 1890களில்; வண்டி மறையத் தொடங்கிய பிறகு. பார்த்திங் நாணயமும் 1960 முடிவோடு செல்லாக்காசாயிற்று.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். தாத்தா ஓட்டியவரை அது வெறும் 'சைக்கிள்'. அப்பா மோட்டார் சைக்கிள் வாங்கியபின் 'தாத்தா சைக்கிள்'. இரும்புக் கடைக்காரர் வந்தபோது, டியூப் மாற்றக் கொண்டுபோகிறேன் என்று சொல்லித் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.